ஒப்புக்கொண்டான், ஆனால் செல்லாது: வெள்ளையர் காலத் துப்பறியும் கதையைத் தர்மபுரிப் பக்கம் வைத்தால்

இப்படி ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்: “1885. கிருஷ்ணகிரி மாவட்டம். சப்-இன்ஸ்பெக்டர் கத்திப் பிடியில் இருந்த கைரேகையைப் பார்த்தார். உடனே சி.ஐ.டி.க்குத் தகவல் அனுப்பினார். அன்றிரவே குற்றவாளி அவர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். வழக்கு முடிந்தது.”

வெள்ளையர் காலத்தில் நடப்பதாக எழுதப்படும் துப்பறியும் கதைகளில் இது போன்ற பத்திகள் சாதாரணமாக வருகின்றன. இதில் ஐந்து பிழைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004-ல். 1885-ல் இங்கே ஸ்டேஷன் பொறுப்பு ஏட்டு கையில், அதாவது ஹெட் கான்ஸ்டபிள் கையில் இருந்தது. கைரேகைக்கு அன்று சட்டத்தில் இடமில்லை. சி.ஐ.டி. இல்லவே இல்லை. இந்த நான்கும் ஆண்டுக் குழப்பங்கள். வரியை மாற்றினால் சரியாகிவிடும். ஐந்தாவது பிழை அப்படியல்ல. போலீஸ்காரரிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் காசுக்குப் பெறாது. அது தெரிந்துவிட்டால் கதையின் முடிச்சே இடம் மாறிவிடும். யார் செய்தான் என்பது பாதிதான். அதை யார் முன்னால், எந்த நேரத்தில், எந்தச் சொற்களில் நிரூபிப்பது என்பதுதான் இந்தக் காலத்துக் கதைக்கே உரிய சிக்கல்.

முதலில் இடம்: எது யாருடைய எல்லை

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அன்று பாராமகால். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகம் பார்த்தார். அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கி நிலத்தை அளந்தார். விவசாயியிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் விழுந்தது. ஓசூர்ப் பக்கம் 1799-ல், திப்பு வீழ்ந்த பிறகு சேர்ந்தது. அதன்பின் எல்லாமே சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். திருப்பத்தூர்கூட 1911 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது.

கதைக்கு இதனால் என்ன? ஜில்லா கலெக்டரும் செஷன்ஸ் கோர்ட்டும் சேலத்தில். தர்மபுரியிலிருந்து சேலம் ஏறக்குறைய 40 மைல், நடுவே தொப்பூர் கணவாய். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு, இரண்டரை மைல்தான் போகும். ரயிலைப் பிடிக்க மொரப்பூர் போகவே 18 மைல், ஓர் இரவுப் பயணம். மொரப்பூர்–தர்மபுரி குறுகிய ரயில்பாதை வந்தது 1906-ல். அதற்கு முந்தின ஆண்டு திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை. ஓசூருக்கு நீண்டது 1913-ல். 1904-ல் நடக்கும் கதையில் தர்மபுரி ஸ்டேஷனில் யாரும் இறங்க முடியாது.

எல்லைதான் இந்தப் பகுதியின் பெரிய சொத்து. மூன்றைக் கவனிக்க வேண்டும்:

1. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி ஐந்து மைல். அதைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். ஓசூர் போலீஸ் அங்கே போய்க் கையைப் பிடித்து இழுத்து வர முடியாது. ஆளைக் கேட்டு வாங்க வேண்டும். கடிதப் போக்குவரத்து ரெசிடென்ட், அதாவது சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி வழியாகப் போகும்.

2. இன்னும் இருபது மைல் போனால் பெங்களூர். அங்கே தண்டு எனப்பட்ட கன்டோன்மென்ட் பகுதி 1881 முதல் 1947 வரை மைசூர் மகாராஜாவுக்குக் கீழ் இல்லை, பிரிட்டிஷ் நிர்வாகம். மைசூருக்குக் கீழ் இருந்த பழைய ஊரான பேட்டையில் திருட்டு நகையை விற்றவனும் தண்டில் விற்றவனும் வேறு வேறு அரசின் எல்லையில் நிற்கிறார்கள். இடையில் இருப்பது சில தெருக்கள்.

3. ஒகேனக்கல்லில் எழுத்தாளர்கள் வழுக்கி விழுகிறார்கள். பரிசலில் அக்கரை போனால் இன்று கர்நாடகம் என்பதால், அன்று மைசூர் என்று எழுதிவிடுகிறார்கள். அக்கரை கொள்ளேகால் தாலுகா. 1956 வரை அது கோயம்புத்தூர் ஜில்லா. அதே சென்னை ராஜதானி, அதே சட்டம், அதே ஹைகோர்ட். காவிரியைக் கடந்து தப்பியவன் தப்பவில்லை.

கிருஷ்ணகிரி அணையும் (1957) மேட்டூர் நீர்த்தேக்கமும் (1934) கதைக் காலத்துக்குப் பிந்தியவை என்றால் நிலக்காட்சியே வேறு. தென்பெண்ணை அன்று தடுப்பில்லாமல் ஓடியது.

ஊரில் யார் யார்: செய்தி ஏறிப்போகும் படிகள்

ஒரு பிணம் கிடக்கிறது. தகவல் எப்படி மேலே போகிறது?

1. தலையாரி பார்க்கிறார், அல்லது அவரிடம் சொல்கிறார்கள்.

2. தலையாரி மணியக்காரரிடம் போகிறார். அரசாங்கத் தாளில் இவருக்கு கிராம முன்சீப் என்று பெயர். கர்ணம் கணக்கு எழுதுபவர். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் ஊர்களில் கர்ணத்தை ஷான்பாக் என்பார்கள்.

3. மணியக்காரர் யாதாஸ்து, அதாவது எழுத்து அறிக்கை எழுதுகிறார். ஒன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஒன்று மாஜிஸ்திரேட்டுக்கு. தலையாரிதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், பெரும்பாலும் நடந்தே.

4. ஸ்டேஷனில் முதல் தகவல் பதிவாகிறது. அதன் அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்கும் போக வேண்டும்.

5. போலீஸ் ஊருக்கு வந்து, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் வைத்துப் பிண விசாரணை நடத்துகிறது. தேடுதல் என்றால் அதே ஊர்க்காரர்கள் முன்னிலையில் மகஜர், அதாவது கண்டதை எழுதிச் சாட்சிகள் கையெழுத்துப் போடும் தாள்.

நல்ல துப்பு இந்தப் படிகளுக்கு நடுவேதான் ஒளிந்திருக்கும். யாதாஸ்தில் ‘காலை ஏழு மணி’ என்று இருக்கிறது. மாஜிஸ்திரேட் ஆபீஸ் முத்திரை மறுநாள் மாலை. பத்து மைல் தூரத்துக்கு ஒன்றரை நாளா? அந்த இடைவெளியில் யாரோ உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள், அல்லது அடித்திருக்கிறார்கள். ஊர்ப் பகை உள்ள இடத்தில் உண்மைக் குற்றவாளியோடு இரண்டு எதிரிகளின் பெயரையும் சேர்ப்பது வழக்கமான கெடுதல். அப்படிச் சேர்த்ததாலேயே உண்மைக் குற்றவாளியும் தப்பிப்பான். ஒரு பெயர் பொய் என்று தெரிந்தால் சாட்சி முழுவதும் ஆடிப்போகும்.

மகஜரிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு எட்டு மைல் தள்ளி இருக்கும் ஆள் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தாள் ஸ்டேஷனில் எழுதப்பட்டது என்று வக்கீல் கேட்பார். போலீஸுக்கு வாடிக்கையாக வரும் மகஜர் சாட்சி ஒருவர் இருந்தால், அவருடைய பெயர் பழைய வழக்குகளிலும் இருக்கும்.

கதையின் நடு முடிச்சு: தன் போலீஸையே நம்பாத சட்டம்

1855-ல் சென்னை ராஜதானியில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் ஒப்புதல் வாங்கவும் ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பதைத்தான் அது விசாரித்தது. நடப்பது உண்மை என்றும் சொன்னது. அதன் பிறகு 1859-ல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒப்புதலுக்குக் கட்டுப்பாடு வந்து, 1872 சாட்சியச் சட்டத்தில் நிலைத்தது. அன்றைய அந்தச் சாட்சியச் சட்டத்தின் மூன்று பிரிவுகளைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் போதும்.

1. பிரிவு 25. போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவனுக்கு எதிராகக் காட்ட முடியாது. அடித்து வாங்கினாலும் சரி, அழுதுகொண்டு தானாகச் சொன்னாலும் சரி.

2. பிரிவு 26. போலீஸ் காவலில் இருக்கும்போது யாரிடம் ஒப்புக்கொண்டாலும் செல்லாது, மாஜிஸ்திரேட் நேரில் இருந்தால் ஒழிய. நம் மணியக்காரருக்கு இந்தப் பிரிவில் தனி விளக்கமே உண்டு. 1891-ல் சேர்த்தார்கள்: சென்னை ராஜதானியில் மாஜிஸ்திரேட் வேலையும் பார்க்கும் கிராமத் தலைவர், இந்தப் பிரிவுக்கு மாஜிஸ்திரேட் ஆகமாட்டார்.

3. பிரிவு 27. காவலில் இருப்பவன் சொன்னதால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராக ஒட்டிய சொற்கள் மட்டும் செல்லும்.

இதிலிருந்து கதைக்கு ஒரு கடிகாரம் கிடைக்கிறது. மணியக்காரர் போலீஸ் அதிகாரி அல்ல. ஆகவே, போலீஸ் வருவதற்கு முன்னால், யாருடைய காவலிலும் இல்லாதவன் விடியற்காலையில் மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது சாட்சியமாகலாம். அதே ஆள் அதே சொற்களை அதே திண்ணையில், இரண்டு கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்கச் சொன்னால் ஒன்றுமில்லை. போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு கிராம மாஜிஸ்திரேட் ஒப்புதல் எதையும் எழுதி வாங்கவே கூடாது என்று சென்னைக் குற்றவியல் நடைமுறை விதிகளும் தடுத்தன. ஏட்டு எத்தனை மணிக்கு ஊருக்குள் காலெடுத்து வைத்தார் என்ற ஒரே கேள்வியில் ஓர் உயிர் தொங்கும். இதைவிட நல்ல முடிச்சு ஒரு கதாசிரியருக்கு எங்கே கிடைக்கும்?

27-ஆம் பிரிவும் ராகிக் குழியும்

இந்தப் பிரிவை ஓர் உதாரணத்தோடு பார்ப்பது நல்லது. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகியைத் தரைக்கடியில் குழி வெட்டிச் சேமித்தார்கள். வாய் ஓர் ஆள் இறங்கும் அளவு. உள்ளே குடம் மாதிரி அகன்றிருக்கும். சுற்றிலும் வைக்கோல் கொடுத்து ராகியைக் கொட்டி, மேலே கல்லை வைத்து மண் பூசிவிடுவார்கள். ராகியைப் பூச்சி எளிதில் தொடாது, ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பிடிபட்டவன் ஏட்டிடம் சொல்கிறான்: “தம்பியைக் கொன்னுட்டேன். அவன் வெள்ளி அரைஞாண் கிழக்குக் களத்து ராகிக் குழியில இருக்கு, காட்டறேன்.” சாட்சிகளோடு போகிறார்கள், குழியைத் திறக்கிறார்கள், அரைஞாண் கிடைக்கிறது. கோர்ட்டுக்குள் எது போகும்?

1. ‘அரைஞாண் கிழக்குக் களத்து ராகிக் குழியில் இருக்கிறது, காட்டுகிறேன்’ போகும்.

2. ‘தம்பியைக் கொன்றுவிட்டேன்’ போகாது. இந்தக் கோட்டை மிகத் தெளிவாகப் போட்டது லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், 1946-ல், சென்னை ராஜதானியிலிருந்து போன ஒரு வழக்கில். கண்டுபிடிக்கப்படுவது பொருள் மட்டுமல்ல, அது அங்கே இருப்பது இவனுக்குத் தெரியும் என்ற உண்மை; அதைப் பழைய குற்றத்தோடு இணைக்கும் சொற்கள் வெளியே நிற்க வேண்டும் என்றது.

3. தலையாரி முதல் நாளே குழியைத் திறந்து பார்த்திருந்தால் எல்லாமே போயிற்று. தெரிந்ததைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

4. அது நாலு வீட்டுக்குப் பொதுவான களம் என்றால், மற்றவனும் போட்டிருக்கலாம் என்ற வாதம் எழும். பூசிய மண் பழையதா, புதிதா என்று மகஜரில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ராகிக் குழியில் இன்னொரு விஷயம் உண்டு. மூடிக்கிடக்கும் தானியம், அதுவும் ஈரம் பட்டிருந்தால், உள்ளே கரியமில வாயுவைத் தேக்கிவைக்கும். காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே தங்கும். திறந்தவுடன் இறங்கியவன் மயங்கி விழுவான். தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவான். அனுபவசாலிகள் குழியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். உடம்பில் காயமே இல்லாத இரண்டு சாவுகள். ஆனால் கேள்வி நிற்கிறது: கல்லைப் புரட்டியவன் யார், இறங்கச் சொன்னவன் யார், விளக்கு எங்கே? பிணப் பரிசோதனை இங்கே அதிகம் உதவாது. அந்த ஊர்க்காரருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சாட்சியம். வெளியூரிலிருந்து வரும் வெள்ளைக்கார சூப்பரின்டென்டென்ட்டுக்குப் பிடிபடாதது களத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிடிபடும் இடம் இது.

அறிவியல் எந்த ஆண்டில் எவ்வளவு

ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்:

1. 1849: சென்னையில் அரசு இரசாயனப் பரிசோதகர். ஆகவே விஷப் பரிசோதனை நம் கதைக்காலம் முழுவதும் உண்டு.

2. 1897: கல்கத்தாவில் கைரேகைப் பீரோ. 1899: சாட்சியச் சட்டத்தில் விரல் ரேகை நிபுணர் கருத்துக்கு இடம். அதற்கு முன் கைநாட்டு உண்டு, அதை ஒப்பிடும் சட்டபூர்வ நிபுணர் இல்லை.

3. 1901-க்கு முன் ஒரு கறை மனித இரத்தமா ஆட்டு இரத்தமா என்று பிரித்துச் சொல்ல நம்பகமான வழி இல்லை. “கெடா வெட்டினேன்” என்றால் அதை மறுக்க வேறு வழிதான் தேட வேண்டும்.

4. 1902–03 போலீஸ் கமிஷன். அதன் பரிந்துரைப்படி 1906-ல் சென்னை சி.ஐ.டி. ஸ்டேஷன் பொறுப்பில் சப்-இன்ஸ்பெக்டர் வருவதும் இந்தக் கமிஷனுக்குப் பிறகுதான்.

விஷத்தில் பாஷாணம்தான், அதாவது ஆர்சனிக்தான் முதலிடம், காரணம் காலரா. ஊரில் காலரா இருக்கும்போது ஒரு சாவு யார் கண்ணையும் உறுத்தாது. பழைய மருத்துவச் சட்ட நூல்கள் சொல்லும் வேறுபாடு இது: காலராவில் பேதி முந்தும், வாந்தி பிந்தும், பாஷாணத்தில் தொண்டை எரிச்சலோடு வாந்தி முந்தும். இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டுப் பெண்களாகத்தான் இருப்பார்கள். அவர்களைக் கேட்க வேண்டும், அவர்களுடைய மொழியில் கேட்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் அது தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும்.

உடலை எரித்துவிட்டால் பாஷாணமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். புதைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். இங்கே புதைக்கும் வழக்கமுள்ள வீரசைவக் குடும்பங்கள் உண்டு என்பதைக் கதாசிரியர் மறக்கக் கூடாது. தோண்டி எடுக்கும்போது சுற்றியுள்ள மண்ணிலும் மாதிரி எடுக்க வேண்டும். விஷம் மண்ணிலிருந்து ஊறியது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

உறுப்புகளைக் கண்ணாடி ஜாடியில் உப்புக் கரைசலிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் வழியில் வாயு தேங்கி மூடி பிடுங்கிக்கொள்ளும். முத்திரை உடைந்த ஜாடிக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. சித்திரை வெயிலில் பென்னாகரத்திலிருந்து மொரப்பூர் வரை வண்டியில் ஆடிவரும் ஜாடியை நினைத்துப் பாருங்கள்.

ஊமத்தை வேறு ரகம். வழிப்போக்கரை மயக்கிக் கொள்ளையடிக்கச் சத்திரங்களில் சாப்பாட்டில் கலந்தார்கள். விதை மிளகாய் விதை மாதிரியே இருக்கும், களிக்குத் தொட்டுக்கொள்ளும் காரக் குழம்பில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊமத்தை விதை பழுப்பு, மேலே குழிகுழியாக இருக்கும், கசக்கும். மிளகாய் விதை மஞ்சள், வழவழப்பு, உறைக்கும். தட்டையான பக்கத்துக்கு இணையாக இரண்டாக வெட்டினால் மிளகாய் விதையின் முளை உள்பக்கமாக 6 போலச் சுருண்டிருக்கும், ஊமத்தையில் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். ஒரு சவரக்கத்தியும் பூதக்கண்ணாடியும் போதும். 1870-லும் இதைச் செய்யலாம்.

நாணயம், பத்திரம், வருஷப் பெயர்

போலிப் பத்திரம் கண்டுபிடிக்க இந்தக் காலம் அள்ளிக் கொடுக்கிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னால் பாட்டன் புதைத்த பணம் என்று ஒருவன் பானையைக் காட்டுகிறான். உள்ளே ‘விக்டோரியா எம்பிரஸ்’ ரூபாய். 1876 வரை அச்சானவற்றில் ‘குவீன்’ என்றுதான் இருக்கும்; ‘எம்பிரஸ்’ 1877 முதல். எட்வர்டு தலை போட்ட ஸ்டாம்பு பேப்பரில் 1899 தேதி இருந்தால், விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில் என்பது போதும்.

வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1876-ஆகவும் இருக்கலாம், 1816-ஆகவும் இருக்கலாம். கர்ணம் கணக்கில் இருப்பது பசலி என்ற வருவாய் ஆண்டு. 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. மார்ச் மாதப் பதிவுக்கு 590-ஐ மட்டும் கூட்டினால் ஓர் ஆண்டு தவறிவிடும். அந்தத் தவற்றையே ஒரு துப்பாக வைக்கலாம்.

யாரைச் சந்தேகிப்பது, யாரை விசாரிக்க முடியாது

சில சாதிகளை முழுவதுமாகக் குற்றவாளிகள் என்று பதிவுசெய்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை ராஜதானியில் அமலானது; 1947-ல் இங்கே நீக்கப்பட்டது. பதிவான மக்கள் ரேகை கொடுத்து, ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. அக்காலப் போலீஸ் குறிப்புகளில் ஒரு சாதி முழுவதையும் திருடர் என்று எழுதியிருப்பதை அப்படியே கதைக்குள் எடுத்துவைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. அந்தக் குறிப்பு போலீஸைப் பற்றிய சாட்சியம், அந்த மக்களைப் பற்றியது அல்ல. கதை நுட்பமாகப் பார்த்தாலும் அந்த வழி சோம்பலானது. ஆஜர் பதிவேட்டைப் பாருங்கள்: கொலை நடந்த இரவில் ஸ்டேஷனில் ரேகை வைத்திருக்கிறான் என்றால், அவனை அவமானப்படுத்திய அதே புத்தகம் அவனைக் காப்பாற்றுகிறது. அதை எடுத்துக் காட்ட ஸ்டேஷனில் யார் முன்வருவார்கள் என்பதே ஓர் அத்தியாயம்.

மறுபக்கம் வெள்ளைக்காரக் குற்றவாளி. மேலகிரிக் காட்டுக்கு வேட்டைக்கு வந்த ஒரு துரை ஒருவரைச் சுட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1898 நடைமுறைச் சட்டப்படி:

1. நம்மவரான தாசில்தார்-மாஜிஸ்திரேட் அவரை விசாரிக்க முடியாது. சாதாரணமாக முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டாக, ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸாக, ஐரோப்பியப் பிரிட்டிஷ் பிரஜையாக இருப்பவர் வேண்டும். ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கு மட்டும் இந்த இன நிபந்தனை இல்லை.

2. செஷன்ஸ் ஜட்ஜ் அவருக்கு ஓர் ஆண்டுக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. கொலை என்றால் வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகும்.

3. ஜூரியில் பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. நம்மவர் மாஜிஸ்திரேட்டுகளும் ஜட்ஜுகளும் வெள்ளையரை விசாரிக்கலாமா என்ற இல்பர்ட் மசோதாத் தகராறு முடிந்து 1884-ல் வந்த ஏற்பாடு இது. 1923-ல்தான் இந்தப் பாகுபாடு பெரும்பாலும் குறைக்கப்பட்டது.

அப்படியானால் அஞ்செட்டியிலிருந்து வரும் மாடு மேய்க்கும் சாட்சி, காட்டுவழி இறங்கி, வண்டியும் ரயிலும் ஏறி, சென்னையில் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச வேண்டும். விதைப்பு நேரத்தில் சம்மன் வந்தால் அவர் வரமாட்டார். வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

நம்மவர் மேல் வழக்கு என்றால் சேலத்தில் செஷன்ஸ் ஜட்ஜ். பல வழக்குகளில் ஜூரிக்குப் பதில் அசெஸர்கள், அதாவது கருத்து மட்டும் சொல்லும் பொதுமக்கள் உட்கார்வார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கருத்துக் கேட்டு எழுதிக்கொள்வார் ஜட்ஜ். அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. தூக்கு என்று தீர்ப்பளித்தாலும் ஹைகோர்ட் உறுதிசெய்யும் வரை அது நிறைவேறாது. வழக்குக் கட்டு சென்னைக்கு ரயிலேறும். அங்கே சாட்சிகளைப் பார்க்காத ஜட்ஜுகள் யாதாஸ்தையும் மகஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மணிக்கு எந்தத் தாள் எழுதப்பட்டது என்று படிப்பார்கள்.